ஒரு சாண் குறைந்த திரை

"டெய்லர் சோபாவுல உட்கார மாட்டேங்குறார் சார்" என்று ஏட்டு வந்து சொன்னதும் இன்ஸ்பெக்டருக்கு உச்சந்தலை சூடேறியது.

"ஏனாம்? சோபா கடிக்குதாமா?"

"வாசல்லயே நின்னு நல்லபடியா பேசிடுறாராம். உள்ள மட்டும் கூப்பிடாதீங்கன்னு கெஞ்சுறார்."

சூடேறாமல் என்ன செய்யும்? போலீஸும் மக்களும் தாயும் பிள்ளையுமாகப் பழக வேண்டும் என்று மேலிடம் கொடுத்த மானியம் அது. முதல் தவணையில் ஸ்டேஷனின் பின்னறைக்கு வெள்ளையடித்து, சோபா போட்டு, 'நட்பு அறை' என்று பலகையும் மாட்டியாயிற்று. இரண்டாம் தவணை வந்தால்தான் இருட்டுத் தெருக்களுக்கு விளக்கு, ரோந்துக்கு சைக்கிள் எல்லாம். அதைத் தரலாமா வேண்டாமா என்று பார்க்க இன்றைக்கு ஓர் அதிகாரி அம்மா வருகிறார். பொதுஜனம் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்து டீ குடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அதற்கு எதிர்க்கடை டெய்லரைத் தேர்ந்தெடுத்தது இன்ஸ்பெக்டர்தான். சாது. பேரில் ஒரு வழக்கு கிடையாது. ஸ்டேஷனில் பாதிப் பேருக்கு யூனிஃபார்ம் தைப்பவர். நட்பு அறைக்குத் திரையும் சோபா உறையும்கூட அவர் கைவேலைதான்.

திரை தைத்த லட்சணத்தை மட்டும் கேட்காதீர்கள். அகலத்தில் ஒரு சாண் குறைச்சல். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பல்லிளிக்கும். உள்ளே வந்து அளவெடுக்கச் சொன்னால், "நீங்களே அளந்து சொல்லிடுங்க" என்று டேப்பை ஏட்டு கையில் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார் மனிதர். அன்றைக்கே இன்ஸ்பெக்டர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தார்.

இப்போது அவரே வாசலுக்குப் போனார்.

"என்னய்யா பிகு பண்ற? நீ தச்ச உறைதானே, அதுல உட்கார உனக்கு என்ன கேடு? ஏதாவது எதிர்பார்க்குறியா? வெளிப்படையா சொல்லிடு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"அப்ப வா. ஒரு டீ, நாலு நல்ல வார்த்தை. அவ்வளவுதான்."

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காரியம் ஆகும்வரை கழுதைக் காலையும் பிடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

அதிகாரி அம்மா வந்தார். டீயும் வந்தது.

"இங்க வந்து போறதுக்கு பயமா இருக்கா?" என்று டெய்லரைக் கேட்டார்.

"பயம் என்னம்மா பயம். சொந்தக்காரங்க வீடு மாதிரி."

சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, திரையின் இடுக்கு வழியாக வெயில் அந்த அம்மாவின் முகத்தில் அடித்தது. "மன்னிக்கணும் மேடம்" என்று துள்ளி எழுந்த இன்ஸ்பெக்டர், டெய்லரின் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் திரையை இழுக்கப் போனார்.

டீ டம்ளர் உருண்டது.

டெய்லர் தரையில் கிடந்தார். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, சுவர் மூலையில் ஒடுங்கிப் போயிருந்தார்.

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். "இவருக்கு என்ன ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் உருண்ட டம்ளரை எடுக்கக் குனிந்தார். விளக்கும் போச்சு, சைக்கிளும் போச்சு.

டெய்லர்தான் முதலில் அசைந்தார். தலையிலிருந்த கையை மெல்ல இறக்கித் தரையைத் தடவினார்.

"குண்டூசிம்மா. உறை தைக்கும்போது விட்டுட்டேன் போல. சுருக்குன்னு குத்தவும் விழுந்துட்டேன். எங்க பொழப்பே இப்படித்தான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "நல்ல வேளை, நான் அதுல உட்காரலை."

கிளம்பும்போது, இரண்டாம் தவணைக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டே போனார்.

கார் தெரு திரும்பியதும் இன்ஸ்பெக்டர் சோபா உறையை ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தார். டெய்லர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டரும் அங்கே வந்தார்.

"ஊசி எதுவும் இல்லையே?"

"இல்ல சார்."

"பின்ன?"

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடி ஒரு தடவை அந்த ரூமுக்கு வந்திருக்கேன் சார். யார் வீட்டுலயோ சங்கிலி காணோம்னு கூட்டிட்டு வந்தாங்க. விடிஞ்சதும், பீரோவுக்குப் பின்னாடி கிடைச்சிடுச்சு, நீ போன்னு அனுப்பிட்டீங்க. அப்ப சோபா கிடையாது."

இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். எத்தனையோ சங்கிலி, எத்தனையோ பேர். எதுவும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததுதான் அவரை அதிகமாகக் கூசவைத்தது. வழக்கே இல்லாத சாது என்று இவரைத் தேடிப் பிடித்ததை நினைத்தபோது, காது மடல்வரை சுட்டது.

"அடிச்சது... நானா?"

"முகத்தைப் பார்க்கலை சார். சட்டை நான் தச்சது."

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

"அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா பணம் நின்னுபோயிருக்கும். சோபாவையும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அடுத்து வர்றவனாவது அதுல உட்காரட்டும் சார்."

தன் ஸ்டேஷன் வாசலில், தன் ஆட்களுக்கு முன்னால், இன்ஸ்பெக்டருக்கு நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

"உள்ள வாங்க" என்றார். "அந்தத் திரையை மாத்திடலாம். நீங்களே வந்து அளவெடுங்க."

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, பணிவாக நீட்டினார்.

"நீங்களே அளந்து சொல்லிடுங்க சார்."