மூன்றாவது விஷயம்

யெல்லெ இருபத்தாறு வருஷமாக நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் வீட்டுப் புகைபோக்கிகளைத் துடைக்கிறவன். தொழிலுக்கு வாடிக்கை கூடட்டும் என்று மனைவி ரின்ஸ்கெ மார்ச்சில் ஒரு வலைப்பதிவு தொடங்கிக் கொடுத்தாள். அவன் தலைப்பை மட்டும் தட்டினான்: ‘அடுப்பு மூட்டும் முன் பார்க்கவேண்டிய மூன்று’. அவனுக்குத் தோன்றியது இரண்டுதான். மூன்று என்று போட்டால் எடுப்பாயிருக்கும், மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம் என்று மூடிவைத்தான்.

“எழுதிட்டியா?”

“நாளைக்கு.”

“உன் நாளைக்குத் தாடியே நரைச்சிருச்சு, யெல்லெ.”

அக்டோபரில் முதல் குளிர் விழுந்த சனிக்கிழமை காலை, காபியோடு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தான். தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னும் வெளியிடவே இல்லை. ஆனால் பதினாலு பின்னூட்டம் வந்திருந்தது.

‘சொன்னபடி பார்த்தோம். உள்ளே காக்காய்க் கூடு. எடுத்துவிட்டோம், நன்றி.’

‘காற்று வரும் ஓட்டையையும் திறந்துவிட்டோம்.’

அவன் எழுத நினைத்திருந்த இரண்டும் அவைதான்.

கடைசியாக வந்தது சற்று முன்புதான்: ‘இரண்டும் செய்தாயிற்று. அடுப்பு எரிகிறது. பிள்ளைகளுக்குத் தலைவலி, தூக்கமாய் வருகிறதாம். மூன்றாவது என்ன?’

மணமில்லாத அடுப்பு நச்சுவாயு தலைவலியிலும் தூக்கத்திலும்தான் தொடங்கும் என்று அவனுக்குத் தெரியும். பேர் இல்லை, ஊர் இல்லை.

‘அடுப்பை அணையுங்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள்’ என்று தட்டி வெளியிட்டான்.

ரின்ஸ்கெ தன் போனைப் பார்த்தாள். “அட, வந்திருச்சே! இதுக்கா ஏழு மாசம்?”

அவன் திரையில் பதினைந்தாவது பின்னூட்டம் விழுந்தது.

‘சின்னவள் தூங்கிவிட்டாள். மூன்றாவது இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அவசரமில்லை, காத்திருக்கிறோம்.’