பதினைந்தரை அங்குலம்

பதினைந்தரை.

டேப்பைச் சுருள விட்டுவிட்டு மறுபடி பிடித்தான். தரையிலிருந்து இருக்கையின் முன்விளிம்பு வரை.

பதினைந்தரைதான்.

அப்படியானால் புத்தகத்தில் பிழையில்லை. நாற்காலியில்தான்.

ஆனால் ரெமி தப்பாகச் செய்கிறவன் இல்லை. வில்லியனூரில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே வருடத்துக்கு ஒன்பதே நாற்காலிகள் செய்கிறவன். அதில் ஒன்று உருவானதை நாற்பது நிமிடப் படமாகவும் நூற்றுப்பத்துப் பக்கப் புத்தகமாகவும் டேப் பிடித்து நிற்கிற இவனும் மனைவி தாரணியும் தாங்களே வெளியிட்டார்கள். படம் பிடித்தது அவள். அளவுகளோடு வரைபடம் போட்டதும் அவள். எழுதியது மட்டும் இவன்.

முதல் அச்சு வந்த நான்காம் மாதம் தாரணி இறந்துபோனாள்.

புத்தகத்தைப் பார்த்துப் பதினோரு பேர் அந்த நாற்காலியைச் செய்திருந்தார்கள். ஏழு பேர் ஒரே குறை சொன்னார்கள்: வழக்கமான பதினேழு அங்குலத்தை விட இருக்கை தாழ்வு. இணையத்தில் படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'இந்த ஆளுக்கு அளவெடுக்கவே தெரியாது போல.' அதை அறுபத்திரண்டு பேர் விரும்பியிருந்தார்கள்.

இன்று காலை ஈரோட்டிலிருந்து மகுடேஸ்வரி பேசினார். பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரவேலை.

"உக்காந்தா முட்டி மேல வருதுங்க. மணப்பலகைக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்குதுன்னு எங்கூட்டுக்காரர் சிரிக்கறாருங்க. மிச்சம் ஒன்றரை இஞ்சு எங்கீங்க போச்சு?"

பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான்.

இரண்டாம் அச்சு இன்றைக்கு. சிவகாசியில் பன்னிரண்டு மணி வரை காத்திருப்பார்கள். பதினைந்தரையை அழித்துப் பதினேழு என்று போட்டால் தீர்ந்தது.

ஆனால் ஏன் பதினைந்தரை?

தெரிந்துகொள்ளாமல் மாற்ற மனம் வரவில்லை. தாரணி போன இந்தப் பத்து மாதத்தில் அவன் தெரிந்துகொள்ள விரும்பிய முதல் விஷயம் அது.

ரெமி கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"என்னா தலைவா, நாற்காலிய விசாரணைக்குக் கூப்புட்டுட்டீங்களா?"

"ஏன் ரெமி பதினஞ்சரை?"

"நம்பர்லாம் நமக்குத் தெரியாது. பட்டையத்தான் கேக்கணும்."

சுவர் முழுக்க ஆணிகளில் மூங்கில் பட்டைகள் தொங்கின. ரெமி டேப்பைத் தொடுவதில்லை. நாற்காலி யாருக்கோ அவரைச் செருப்பில்லாமல் பலகையில் உட்காரவைப்பான். குதிகாலை ஒட்டி மூங்கிலை நிறுத்துவான். முழங்காலின் பின்மடிப்பு வருகிற இடத்தில் உளியால் ஒரு வெட்டு. ஒருவருக்கு ஒரு பட்டை. பெயர் எழுதுவதில்லை.

இதையெல்லாம் அவனே புத்தகத்தில் எழுதியிருந்தான். மூன்றாம் அத்தியாயம்.

இந்த நாற்காலி யாருக்கு என்பதை எழுதவில்லை. படத்துக்காகச் செய்தது என்றே நினைத்திருந்தான்.

ரெமி ஒரு பட்டையைக் கழற்றி வந்து நாற்காலியோடு சேர்த்து நிறுத்தினான். வெட்டும் விளிம்பும் ஒன்றாக நின்றன.

"யாரோடது?"

ரெமி அவனையே பார்த்தான்.

"நீங்கதானே தலைவா கேமராவ வாங்கிப் புடிச்சீங்க."

ஆமாம்.

அளவெடுப்பதைப் படம் பிடித்த அன்று பலகையில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. தாரணி கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள். உளியை மட்டும் எடு, என் மூஞ்சி வேண்டாம் என்றாள்.

படம் முழுவதிலும் அவன் பிடித்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

சொன்னபடியே பிடித்திருந்தான்.

குதிகால். முழங்கால். மூங்கில். உளி.

தொகுக்கும்போது நூறு முறை பார்த்திருப்பான். நூறு முறையும் உளியைத்தான் பார்த்தான்.

"உங்க வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கலாம்னுதான் இருந்தேன்" என்றான் ரெமி. "அப்புறம்..."

அவன் தலையசைத்தான்.

கைபேசி அடித்தது. அச்சகம்.

"அண்ணாச்சி, மிஷின் சும்மா நிக்குது. பதினேழுன்னு மாத்திரவா?"

ரெமி இழைப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றான். அறுபத்திரண்டு பேர் சிரித்தது அவனைப் பார்த்து. அதைப் பற்றி ஒருநாளும் அவன் வாய் திறந்ததில்லை.

"மாத்த வேண்டாம். கீழ ஒரு வரி சேக்கணும்."

"சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

மெதுவாகச் சொன்னான். 'ரெமி ஆளை அளந்துதான் நாற்காலி செய்வார். இது ஒருவருடைய அளவு. உங்கள் வீட்டில் உட்காரப்போகிறவரை நீங்கள் அளந்துகொள்ளுங்கள்.'

"ஒருவர்னா யாருன்னு கேப்பாங்களே. பேரு போட்டுருவமா?"

அவன் பட்டையைக் கையில் வாங்கினான். எடையே இல்லை.

"வேண்டாம்."

இழைப்புளி ஓடத் தொடங்கியது. அவன் வெளியே வந்து ஈரோட்டுக்குப் பேசினான்.

"அளவு சரிதாங்க. அது ஒருத்தரோட கால் அளவு. நான்தான் எழுத விட்டுட்டேன்."

"அட! படத்துல சுண்டுவெரல்ல மட்டும் மருதாணி வச்ச கால் ஒண்ணு வருமே, அந்தப் புள்ளைங்களா?"

மருதாணி.

"ஆமாங்க."

"நெனச்சேன். சின்னக் காலுங்க அது." மகுடேஸ்வரி சிரித்தார். "அப்ப நான் செஞ்சத அறுத்துப் போட மாட்டேன். அந்தப் புள்ளைய ஒருக்கா ஈரோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. உக்காந்து பாத்துச் சொல்லட்டும்."

பத்து மாதமாக எல்லோரிடமும் சொன்ன அந்த ஒரு சொல் நாக்கில் வந்து நின்றது.

"கேட்டுப் பாக்கறேங்க" என்றான்.