நூறே நூறு

"நூறு போதும்மா. நூறே நூறு கொடுத்துட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாங்க பாட்டுக்குப் போயிடறோம்."

தையல் மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அவ்வளவு பவ்யமாகச் சொன்னார். கசங்காத சட்டை. வந்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, அதற்கும் நன்றி சொன்னவர்.

கூட வந்த தாடிக்காரன் நேர்மாறு. கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். பேன்ட்டின் உயரம் குறைக்க வந்த ஒருவர், அவன் முறைத்த முறைப்பில் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள்.

"அந்தக் கடன் எங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வாங்கினது சார். எட்டு வருஷம் ஆச்சு. அசலுக்கு மேலயே கட்டிட்டேன். ஒருநாள் ஆபீஸைப் பூட்டிட்டுப் போனது கடன் கொடுத்தவங்கதான். இத்தனை வருஷமா யாரும் வந்து கேட்கலையே?"

"அந்தக் கடனை இப்ப எங்க கம்பெனி வாங்கியிருக்கும்மா. வட்டியோட எங்கேயோ போய் நிக்குது. அதை விடுங்க. இப்போதைக்கு ஒரு நூறு. மீதியைக் கட்டறேன்னு ஒரு கையெழுத்து." குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்க பொண்ணு டீச்சரா இருக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போக எனக்கே மனசு வரல, பாருங்க."

மகள் வேலைக்குச் சேர்ந்து முழுசாய் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

டிராயரை இழுத்தாள். சில்லறையும் கசங்கிய நோட்டுமாக நூறு தேறியது. அதை எடுத்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

"எங்கே போடணும்?"

"இங்கேதாம்மா."

அதற்குள் ஒரு கை குறுக்கே வந்தது. தாடிக்காரன் காகிதத்தை உருவி, நாலாகக் கிழித்துத் தரையில் எறிந்தான்.

"இந்தப் பிச்சைக் காசை வாங்கவா வேலை மெனக்கெட்டு வந்தோம்? கொடுத்தா மொத்தமாக் கொடு. இல்லேன்னா உள்ளே வை."

"என்னய்யா பண்றே?" பவ்யமானவர் பதறி எழுந்தார்.

"நீங்க சும்மா இருங்க சார். நயமாப் பேசினா இவங்க ஏறி மிதிப்பாங்க." அவள் பக்கம் திரும்பினான். "கோர்ட் வாசல்ல இலவச சட்ட உதவின்னு போர்டு போட்டுக்கிட்டு ஒரு வக்கீலம்மா உட்கார்ந்திருக்கும். அங்கே போய் அழு. நாளைக்கு மறுபடி வருவேன்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மனுஷனா அவன் என்று நெஞ்சு கொதித்தது. அந்த நல்லவர் நூறோடு முடித்திருப்பார். பாவி கெடுத்தான்.

மறுநாள் காலையில், வேறு போக்கிடம் தெரியாமல், அந்த வக்கீலம்மாவிடமே போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

வக்கீலம்மா குறுக்கே கேட்டது ஒன்றுதான். "கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லைங்க. போடத்தான் போனேன்."

"தப்பிச்சீங்க. இந்தக் கடனுக்குக் கேஸ் போடற காலமெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு. கட்டறேன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருந்தா, செத்த கடனுக்கு உயிர் வந்திருக்கும். அதுக்குத்தான் அந்த நூறு."

"என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவாங்களே?" என்றாள் தையல்காரி.

"பள்ளிக்கூடத்துக்குப் போவேன்னு மிரட்டினதும் தப்பு. இன்னிக்கே நோட்டீஸ் அனுப்பறேன். இனிமே கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டாங்க."

அவளுக்கு மூச்சு சீரானது. கூடவே நேற்றைய கோபமும் திரும்பியது.

"நோட்டீஸ்ல அந்தத் தாடிக்காரனை முதல்ல எழுதுங்கம்மா. ஈவு இரக்கம் இல்லாதவன்."

எழுதிக்கொண்டிருந்த வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அவரை மட்டும் விட்டுடலாம். இந்த மாசத்துல நீங்க ஏழாவது ஆள். ஏழு பேரையும் இங்கே போய் அழுன்னு துரத்திவிட்டது அவர்தான்."