இரண்டாவது வரி

"யாரும் கார்டைக் குடுக்காதீங்க! கையை உள்ள வைங்க!"

கடைக் கல்லாவில் இருந்தவள் போட்ட சத்தத்தில், கார்டை நீட்டிய பெரியவர் வெலவெலத்துப் போனார். அந்தத் தெருவில் அவளுக்குச் 'சிடுமூஞ்சி அக்கா' என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கார்டைக் கேட்ட மெஷின்காரருக்குச் சுருக்கென்றது. இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உணவு கார்டு அன்று முதல் சிப் கார்டாக மாறுகிறது. பழையதைத் தேய்த்தால் இனி ஒரு மணி அரிசி கிடைக்காது. கடை மெஷினைப் புது கார்டுக்குத் தயார் செய்யத்தான் அவர் வந்திருந்தார். புரோகிராம் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒரு கார்டைச் செருகிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று கம்பெனி கொடுத்த சோதனை கார்டை வீட்டு மேஜையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால்தான் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டார்.

"ஏம்மா, அவரே குடுக்கிறார். நடுவுல நீங்க ஏன் தடுக்கிறீங்க?"

"மூணு தடவை தப்பாச்சுன்னா கார்டு பத்து நாளைக்கு முடங்கிடும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. முடங்கினா அவரு எதைச் சாப்பிடுவாரு, உங்க மெஷினையா?"

"பத்து வருஷமா இதே வேலை பாக்கிறேன். தப்பெல்லாம் ஆகாது."

"அப்ப உங்க கார்டைப் போட்டுப் பாருங்க."

"எனக்கு எதுக்கு உணவு கார்டு?" என்றார் மெஷின்காரர், கொஞ்சம் ரோஷமாக.

வரிசை வாசலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள். கைக்குழந்தையோடு நின்றவள் மெஷின்காரரிடம் முணுமுணுத்தாள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? இதுல தனக்கு மட்டும் கல்லாவுக்கடியில எடுத்து வச்சிருக்கா, பாருங்க."

எட்டிப் பார்த்தார். ஒரு கூடையில் அரிசி, பால் பவுடர், நாலு முட்டை. இத்தனை பேர் பட்டினியாக நிற்கிறார்கள், இவள் முதலில் தன் பங்கை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள்! அவருக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உள்ளேயிருந்து மேனேஜர் கத்தினார். "சோதனை முடியாம கவுன்ட்டரைத் திறக்கக் கூடாது. முடியலைன்னா எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லு!"

'நாளைக்கு' என்று காதில் விழுந்ததும் பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிடுமூஞ்சி அக்கா அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, இழுப்பறைக்குள் கையை விட்டு ஒரு கார்டை எடுத்து மெஷின் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க. பாத்துச் செய்யுங்க."

"கடைக் கார்டா? இதை முதல்லயே குடுத்துத் தொலைச்சிருக்கலாமே!"

அவள் மெஷினை அவர் பக்கம் நகர்த்தினாள்.

செருகினார். ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் காட்டும் சின்னத் திரை அது. 'அட்டையை அகற்ற' என்று வந்தது. எடுத்தார். பிழை என்றது.

மறுபடி செருகினார். 'அட்டையை அகற்ற.' எடுத்தார். பிழை.

"சார், கொஞ்சம் பொறுங்க. அது ஏதோ பாதியில நிக்கிற மாதிரி இருக்கு..."

"எனக்குத் தெரியும்மா. அதான் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மூன்றாம் முறை அவர் கார்டை உருவிய பிறகுதான் முதல் வரி நகர்ந்து, அடுத்த வரி வந்தது.

'வேண்டாம்.'

அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. 'அட்டை முடக்கப்பட்டது.'

"அடச்சே! 'அகற்ற வேண்டாம்'ங்கிறதை ரெண்டா வெட்டிப் போட்டிருக்கானுங்க!" மெஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தையே அழித்து 'எடுக்காதே' என்று ஒற்றைச் சொல்லாக மாற்றி, 'சோதனை முடிஞ்சுது' என்று மேனேஜருக்குக் குரல் கொடுத்தார். "நல்லவேளை, கடைக் கார்டோட போச்சு. இந்த ஜனங்களோடதா இருந்திருந்தா பாவம்."

"ஆமா," என்றாள் அவள். முடங்கிய கார்டை முந்தானையில் துடைத்து உள்ளே வைத்தாள். உடனே குரலை உயர்த்தினாள். "பெரியவரே, எழுந்து வாங்க! கார்டைச் செருகுங்க. கையை எடுங்க! பீப் சத்தம் வர்ற வரைக்கும் அதைத் தொடக் கூடாது!"

பீப் என்றது. பெரியவருக்கு அரிசி கிடைத்தது.

மதியம் வரை ஒவ்வொருவரிடமும் அப்படியே கத்தினாள். ஒருவர் கார்டும் முடங்கவில்லை. ஒருவரும் நன்றி சொல்லவுமில்லை. "வாயா அது?" என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

கடை காலியானது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய மெஷின்காரர் நின்றார். கல்லாவுக்கடியில் இருந்த கூடைச் சாமானை அவள் ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அரிசி. முட்டை. பால் பவுடரை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதையும் வைத்தாள்.

"என்னம்மா, மனசாட்சி குத்திடுச்சா?" என்றார் கிண்டலாக.

அதற்குள் அவள் போன் அடித்தது. மறுமுனையில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். காலையிலிருந்து கத்திக் கம்மிய குரலில் அக்கா பேசினாள்.

"தம்பி அழறானா? கொஞ்சம் தண்ணி குடு, கண்ணு... இல்ல, அம்மா வர நேரமாகும். உலை வைக்க..."

நிறுத்தினாள். இரண்டாவது வரி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

"வேண்டாம்மா. நம்ம கார்டு முடங்கிடுச்சு."