கருங்காலியில் குழிகள்

கிரனாடாவில் கிதார் செய்யும் எலாதியோ, கச்சேரிக் கலைஞர் நியேவெஸுக்காகச் செய்த புதுக் கிதாரைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இன்னும் தந்தி கட்டவில்லை. ஆனால் கழுத்தில் பதித்த கருங்காலிப் பலகை, பல வருடம் வாசித்ததுபோல் அங்கங்கே தேய்ந்து குழிந்திருந்தது.

"யாருக்கு வாசிக்கக் குடுத்தீங்க மாஸ்டர்?" என்று கேட்டாள், வாங்க வந்திருந்த நியேவெஸ்.

"தந்தியே இல்லாம எவன்மா வாசிப்பான்? காலையில நான் மெருகு போட்டப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

நியேவெஸ் இடக்கை விரல்களைக் குழிகளில் வைத்துப் பார்த்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின. சுண்டுவிரல் விழும் இடங்கள் மட்டும் தேயாமல் பளபளத்தன. அவள் அந்த விரலை மடக்கி நீட்டினாள். நன்றாகத்தான் அசைந்தது.

எலாதியோ கிதாரைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனார். "இது வேணாம்மா. வேற செஞ்சு தர்றேன்."

"வேணாம், இதுக்கே தந்தி கட்டுங்க," என்றாள். "இந்த விரல் இல்லாம நான் எப்படி வாசிக்கப்போறேன்னு பாக்கணும்."