பெலேமில் இறங்கும் பலகை

பெலேம் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய அன்று மதியம் பன்னிரண்டு மணிதான் கெடு. ஜுசாராவின் ஊரான ஓபிதுஸிலிருந்து மூன்று நாள் ஆற்றோடு வந்த கப்பல் காலை எட்டு மணிக்கே பெலேமில் நின்றுவிட்டது. ஜுசாரா கப்பலில் படுக்கக் கட்டியிருந்த தன் தூளியை அவிழ்த்துச் சுருட்டினாள். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவளே அவள்தான்.

"மூணாவது வருஷம்ல? இந்தத் தடவையாவது காலேஜ்ல போய்ச் சேருடியம்மா," என்று சிரித்தான் கப்பல் ஆள் வால்தெசீர்.

"வாயை மூடிட்டு வழியை விடுண்ணே."

முன்னால் இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதி கேமராவோடு நேராகப் பெலேம் சந்தைக்குள் நடந்தார்கள். அவளும் அதே பலகையில்தான் இறங்கினாள். கால் சேற்றில் புதைந்தது. ஓபிதுஸ் சேறு. பத்தடி தள்ளி அவள் அம்மா மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? கை கழுவிட்டு வா," என்றாள், நிமிராமலே.

ஜுசாரா திரும்பி ஓடிக் கப்பலில் ஏறினாள். மேலிருந்து பார்த்தால் பெலேம்தான்: சந்தையின் கோபுரங்கள், பஸ்கள், கூட்டம். மறுபடி இறங்கினாள். சேறு. ஏழு தடவை ஏறி இறங்கினாள். வால்தெசீர் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பெலேம் தேவாலய மணி அடித்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜுசாராவுக்கு ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்டது. எண்ணிக்கொண்டே மீனில் முள்ளெடுத்தாள்.