கெடாத டிவி

“மாசத்துக்கு ஒரு தடவை கெட்டுப்போகுது. இதெல்லாம் ஒரு டிவியா?”

கோல சிலாங்கூர் மின்சாமான் கடையில் நித்தியாவின் குரல் ஓங்கியது. பக்கத்தில் அவள் அம்மா தங்கமணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நித்தியாவுக்கு ஜொகூரில் வேலை. விடுப்பில் வந்தவள் நாளைக்குத் திரும்பிவிடுவாள். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே சத்தம் டிவிதான்.

“அங்கிள், நீங்கதானே எப்பவும் வந்து ரிப்பேர் பண்றீங்க? நீங்களே சொல்லுங்க. எந்த பிராண்ட் நம்பி வாங்கலாம்?”

மெக்கானிக் நஜ்முதீன் தலையைச் சொறிந்தார். மனைவி காலமானதிலிருந்து கடைக்கு மேலேயே ஓர் அறையில் தனியாக இருப்பவர்.

“பழசே நல்ல டிவிதான்மா. ஏதாச்சும் ஒரு ஒயர் லூசாயிடும், அவ்வளவுதான். அதுக்கு நான் காசுகூட வாங்குறதில்ல.”

“காசு பிரச்சனை இல்ல அங்கிள். அம்மா தனியா இருக்காங்க. டிவியும் இல்லன்னா ரொம்ப போரிங்லா.”

நஜ்முதீன் கொரியா டிவியைக் காட்டினார். சீனா டிவியைக் காட்டினார். படம் நன்றாக இருக்கும், ஆனால் உழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். நித்தியா விடவில்லை.

கடைசியில் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு ஜப்பான் டிவியைத் தொட்டார். “இது கெடாதும்மா. இதை வாங்கினா என்னைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.”

“அம்மா, ஓகேவா?”

“உனக்குப் புடிச்சா சரி” என்றாள் தங்கமணி.

மறுநாள் மகளின் கார் கிளம்பிப் போன பிறகுதான் கடை லோரி வந்தது. நஜ்முதீன் புது டிவியைச் சுவரில் மாட்டி, சேனல்களைச் சரிசெய்தார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது.

சமையலறையில் மீன் குழம்பு தயாராக இருந்தது. அவர் வருகிற நாளில், ஹலாலா என்ற சந்தேகமே வேண்டாமென்று தங்கமணி கோழி வாங்குவதில்லை. பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமத்திலிருந்து மீன் வந்துவிடும்.

வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டே மூட்டுவலி, மழை, பிள்ளைகள் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். இன்று தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். புது டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடவா?”

“போதும்கா.”

நஜ்முதீன் கை கழுவினார். கருவிப் பெட்டியை மூடினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சொன்னார்.

“அப்ப நான் வரேன்கா. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. இது நல்ல டிவி.”

தங்கமணி உள்ளே போய் டிவியை அணைத்தாள். திடீரென்று வீடு அத்தனை அமைதியாகிவிட்டது. நஜ்முதீன் திரும்பிப் பார்த்தார்.

அவள் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“இன்னிக்கு மட்டும் ஏன் ஒயரை லூசாக்காமப் போறீங்க, பாய்?”